அந்தப் பிள்ளையின் உள்ளங்காலைக் கழுவாதீர்கள்

பழைய ஓவியங்களைச் செப்பனிடுவது என் தொழில். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பங்களாக்களிலிருந்து ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஒரே வகைச் சேதத்தோடு படங்கள் வந்து சேர்வதைப் பார்த்துச் சலித்துவிட்டேன். அண்மையில் வந்தது, ஸ்பெயின் நாட்டு ஓவியர் முரில்லோவின் ஏழைச் சிறுவனைப் பார்த்து யாரோ தீட்டிய எண்ணெய்வண்ணப் பிரதி. சிறுவனின் உள்ளங்காலைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்ததில் வண்ணம் போய்க் கேன்வாஸின் இழை தெரிந்தது. “அழுக்கைத்தானே துடைத்தேன்” என்றார் உரியவர்.

அழுக்குதான், ஆனால் ஓவியர் தீட்டிய அழுக்கு. செவில் நகரத்து முரில்லோ 1645-50 வாக்கில் வரைந்து, இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலப்படத்தில், சுவரோரம் அமர்ந்த சிறுவன் கிழிந்த சட்டையில் பேன் தேடுகிறான். சன்னல் வெயில், இறால் ஓடுகள் சிதறிய தரையின் மேலும் அவனுடைய கறுத்த உள்ளங்காலின் மேலும் விழுகிறது. 1649இல் கொள்ளைநோய்க்கு ஏறக்குறையப் பாதி மக்களைப் பறிகொடுத்த நகரம் அது. மாறாக, இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோ 1785இல் வரைந்த குடிசைச் சிறுமிக்குக் கந்தல் உடை, வெறுங்கால், உடைந்த குடம் எல்லாம் உண்டு. முகம் மட்டும் சீமாட்டி வீட்டுப் பிள்ளையின் முகம். வாங்குவோர் கூசாமல் வரவேற்பறையில் மாட்டிக்கொள்ள இத்தகைய ஏழைகளே வசதி. முரில்லோவின் சிறுவனையும் அப்படி ஆக்கிவிடத்தான் நம் கை துறுதுறுக்கிறது என்று நினைக்கிறேன்.

இருண்டதெல்லாம் அழுக்கு என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கணப்புப் புகையும் பழுத்த வார்னிஷும் உருவங்களின் எல்லையைப் பார்த்துப் படிவதில்லை; சட்டை, சுவர், வெயில் எல்லாவற்றின் மேலும் பரவியிருக்கும். காலில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் புகை எந்த ஊரில் உண்டு? உள்ளங்காலிலும் நிழல்களிலும் உள்ள மண்நிறங்கள் பெரும்பாலும் மெல்லிய பூச்சாக இருப்பதால் தேய்த்தவுடன் முதலில் போகின்றன. தடித்த வெள்ளை தாக்குப்பிடிக்கிறது. துடைத்தபின் படம் பளிச்சென்றிருப்பதாக மகிழ்கிறீர்களே, அது நிழல்கள் அழிந்த பளிச்சு.

உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்காதீர்கள். அதன் மாவு பூஞ்சணத்துக்குத் தீனி. தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும். பூஞ்சணம் பூத்தால் ஈரத்துணியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். உலர்ந்த அறையில் முகம் மேலாகக் கிடத்துங்கள். கணப்புக்கு மேலும், சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும் மாட்டாதீர்கள். எந்தச் சுவரானாலும் சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு வைத்துக் காற்றோட விடுங்கள். உதிர்ந்த வண்ணச் செதில்களை ஒட்ட முயலாமல் காகிதத்தில் மடித்துப் படத்தோடு கொண்டுவாருங்கள்.