பூவின் வாசனையும் தோல் ஒவ்வாமையும்

"இது பூவிலிருந்து எடுத்தது டாக்டர், இதனால் இருக்காது." முகம் சிவந்து, இமை தடித்து வருபவர்கள் அடிக்கடி சொல்வது இது. மூலக்கூறு பூவிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று தோல் பார்ப்பதில்லை.

லாவெண்டர் எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். அதன் மணத்துக்கு முக்கியக் காரணமான லினலூல், புதிதாக இருக்கும்போது தோலைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. குப்பியைத் திறந்து மூடும்போதெல்லாம் காற்று உள்ளே போகிறது. நாளாக ஆக, லினலூல் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறுகிறது. ஒவ்வாமையைக் கிளப்புவதில் இவைதான் பலமானவை. அதனால் பாதி தீர்ந்து வருடக்கணக்கில் கிடக்கும் வாசனை எண்ணெயைத் தயவுசெய்து தோலில் தடவாதீர்கள்.

சரி, செயற்கை வாசனை என்றால் பயமில்லையா? அதுவும் இல்லை. லில்லி ஆஃப் த வேலி பூவிலிருந்து வணிக அளவில் எண்ணெய் எடுக்க முடியாது என்பதால், அந்த மணத்தை லைரல், லிலியல் போன்ற செயற்கைப் பொருட்களால் உருவாக்கினார்கள். ஏராளமானோருக்கு ஒவ்வாமை வந்ததால் லைரலை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட லிலியலுக்கு 2022 மார்ச்சில் தடை வந்தது. அங்கே லேபிளில் தனியாகப் பெயர் போட வேண்டிய வாசனைப் பொருட்கள் முன்பு 26. 2023-இல் வந்த விதி அதை 80-க்கு மேல் உயர்த்தியது. மற்ற இடங்களில் இன்னும் பல லேபிள்களில் 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளி எப்படிக் கண்டுபிடிப்பார்?

'வாசனையற்றது' என்று போட்டிருந்தாலும் பட்டியலைப் படியுங்கள். மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனை சேர்த்திருப்பதுண்டு.

இயற்கையானது என்றால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற எண்ணமும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்குச் சுமார் 3,000 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். அத்தனைக்கும் நிலம், தண்ணீர், பறிக்கும் கைகள் வேண்டும். லினலூலுக்காக அமேசான் காட்டின் ரோஸ்வுட் மரங்களை வெட்டி வெட்டி, கடைசியில் 2010-இல் சர்வதேச வணிகத்துக்கே கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. அதே லினலூலை ஆலையில் செய்ய முடியும். ரோஜா மணம் தரும் ஃபினைல்எத்தில் ஆல்கஹாலை ஈஸ்ட்டை நொதிக்கவைத்தும் எடுக்கிறார்கள். இந்த வழியை நான் வரவேற்கிறேன். ஆனால் எப்படிச் செய்தாலும் லினலூல் லினலூல்தான். ஒவ்வாமை உள்ளவருக்கு விலக்கு கிடையாது.

புதிய க்ரீமை முகத்தில் போடும் முன், முழங்கையின் உள்மடிப்பில் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒன்றிரண்டு வாரம் தடவிப் பாருங்கள். ஒருநாள் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், இந்த ஒவ்வாமை மெதுவாகத்தான் தலைகாட்டும். அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். சந்தேகத்துக்குரிய பொருட்களை வைத்து முதுகில் ஒட்டும் பட்டைகளை இரண்டு நாள் கழித்து எடுப்பார்கள். அப்புறம் ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள். அந்த இரண்டாவது தடவையைத் தவறவிடாதீர்கள், பல ஒவ்வாமைகள் அப்போதுதான் தெரியவரும். போகும்போது க்ரீமின் அட்டைப்பெட்டியையும் கொண்டுபோங்கள். மூலப்பொருள் பட்டியல் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.