வௌவால் ஏன் தலைகீழாகப் பறக்கிறது?

பழைய சீன நீல வெள்ளைப் பீங்கானில், மேகங்களுக்கு நடுவே சிறகு விரித்த வௌவால்களைக் காணலாம். சில தலைகீழாகவே பறக்கும். அழகான ஜாடியில் போயும் போயும் வௌவாலா என்று தோன்றும். காரணம் கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது.

சீன மொழியில் வௌவாலைக் குறிக்கும் சொல்லில் ‘ஃபூ’ என்ற ஒலி வருகிறது. நல்வாழ்வுக்கான சொல்லும் ‘ஃபூ’தான், எழுத்து மட்டும் வேறு. தலைகீழ் என்பதற்கான ‘தாவ்’, வந்துசேர்ந்தது என்றும் ஒலிக்கும். ஆக, தலைகீழ் வௌவாலை வாய்விட்டுச் சொன்னால் ‘நல்வாழ்வு வந்துவிட்டது’ என்று கேட்கும். நம் புலவர்கள் சொல்லில் ஆடிய சிலேடையை இவர்கள் தூரிகையில் ஆடியிருக்கிறார்கள்.

ஐந்து வௌவால்கள் சேர்ந்தால் ஐந்து பேறுகள்: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறத்தில் நாட்டம், ஐந்தாவதாக இயற்கையான சாவு. நல்ல சாவையும் பேறாக எண்ணி வீட்டு ஜாடியில் வரைந்துவைத்த மனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

தாமரையும் மீனும் ஏந்திய குழந்தையும் இப்படித்தான். தாமரை ‘லியென்’, தொடர்ச்சியும் ‘லியென்’. மீன் ‘யூ’, மிச்சமும் ‘யூ’. ஆண்டுதோறும் குறையாமல் மிஞ்சட்டும் என்பது வாழ்த்து. எல்லாச் சின்னமும் ஒலியை நம்பியதல்ல. பிளந்த மாதுளையில் தெரியும் விதைகள் நிறையப் பிள்ளைகளைக் குறிக்கும். பைன், மூங்கில், பிளம் மூன்றும் குளிருக்கு அஞ்சாத நண்பர்கள்.

இவற்றையெல்லாம் நீலத்தில் வரைந்ததற்கு வேதியியலே காரணம். பீங்கான் சூளையின் வெப்பம் 1,300 டிகிரி செல்சியஸை நெருங்கும். பெரும்பாலான நிறங்கள் அதில் அழிந்துவிடும்; நீலம் தரும் கோபால்ட் தாது தாங்கும். 14ஆம் நூற்றாண்டில் ஜிங்தேஜென் நகரக் குயவர்களுக்கு அது பாரசீகத்திலிருந்து வந்தது. சுடாத, உலர்ந்த களிமண்மீது வரைவார்கள். மண் ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும். இழுத்த கோட்டை அழித்துத் திருத்துவது மிகக் கடினம். அதன்மேல் மெருகுக் கரைசலைப் பூசிச் சுடுவார்கள். மெருகு உருகிக் கண்ணாடியாகும்போது கோபால்ட் அதில் கரைந்து நீலமாகும்.

1712இல் அந்நகரைப் பற்றிப் பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் எழுதிய கடிதத்தில் வேலைப் பிரிவினை பதிவாகியிருக்கிறது. ஒருவர் விளிம்பு வளையத்தை மட்டும் இடுவார், ஒருவர் பூவின் கோட்டை வரைவார், மூன்றாமவர் வண்ணம் நிரப்புவார். தூரிகையிலிருந்து இறங்கும்போது அந்த வண்ணம் மங்கிய கறுப்புதான். சூளையைத் திறக்கும்வரை யாரும் நீலத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.