சார்னாக்கைட்: கல்லறையில் பெயர் பெற்ற பாறை

சென்னை பல்லாவரம் குன்றுகளின் பாறைக்கு நிலவியலில் சார்னாக்கைட் என்று பெயர். அந்தப் பெயருக்கு உரிய ஜாப் சார்னாக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள முகவர். கல்கத்தாவை நிறுவியவர் என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாறை ஆய்வுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கல்கத்தாவில் உள்ள அவருடைய கல்லறைப் பலகை சென்னைப் பக்கத்துக் கல் என்பதைக் கண்ட தாமஸ் ஹாலந்து, 1893-இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். ஹாலந்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். பல்லாவரத்தின் பெயரையே வைத்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பெயரின் இறுதியில் வரும் 'ஐட்', கல், கனிமப் பெயர்களில் சேரும் கிரேக்க ஈறு.

களத்தில் இதை அடையாளம் காணப் புதிதாக உடைத்த முகத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு, பசுமை கலந்த கருமை, இடையிடையே நீலம் பாய்ந்த குவார்ட்ஸ் கனிமம். வெயிலும் மழையும் பட்ட மேற்புறமோ பழுப்பேறி ஏமாற்றும். சந்தேகம் வந்தால் நுண்ணோக்கிதான் தீர்ப்புச் சொல்லும். சுமார் 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த பாறைச் சீவலை நுண்ணோக்கி மேடையில் வைத்து, முனைவாக்கிய (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியில் சுழற்றினால், ஹைப்பர்ஸ்தீன் கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு நிறம் மாறும். மாணவர்கள் முதல் முறை பார்க்கும்போது மேடையைத் திரும்பத் திரும்பச் சுழற்றுவார்கள்.

குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் கனிமங்களுடன் ஹைப்பர்ஸ்தீனும் இருப்பதே இப்பாறையின் இலக்கணம். நிலத்தடி ஆழத்தில், கடும் வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த நிலையில்தான் இந்தச் சேர்க்கை உருவாகும். நீர் இருந்தால் பயோட்டைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்கள் ஹைப்பர்ஸ்தீனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் வெளிர்நிற நைஸ் (பட்டை பட்டையான உருமாறிய பாறை) பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னாக்கைட் பரவியிருப்பதை நிலவியலாளர் சி. எஸ். பிச்சமுத்து 1960-இல் எடுத்துக்காட்டினார். ஒரு பாறை இன்னொன்றாக மாறிக்கொண்டிருந்த தறுவாயில் அப்படியே நின்றுவிட்ட இடம் அது. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'கருங்கல்' போதாது. கல் குவாரியில் கிரானைட்டும் கருங்கல்தான், டோலரைட்டும் கருங்கல்தான். ஆள் பெயரில் அமைந்த சொல்லை மொழிபெயர்க்கவும் வழியில்லை. பொருளை விளக்கி 'ஹைப்பர்ஸ்தீன் கருங்கல்' எனலாம். ஆனால் இன்னொரு அயற்சொல்லை அது சுமக்கிறது. 'சார்னாக்குக் கல்' என்பது நாவுக்கும் எளிது, தமிழ் ஈற்றோடும் பொருந்துகிறது. ஆய்வுக் கட்டுரைக்குச் சார்னாக்கைட், பள்ளிப் பாடத்துக்குச் சார்னாக்குக் கல் என்பது என் கட்சி.