அலறலுக்கும் சிரிப்புக்கும் நடுவே சில நிமிடங்கள்

1957இல் சிங்கப்பூரில் ஒரு மலாய்ப் பேய்ப்படம் சக்கைப்போடு போட்டது. ‘பொந்தியானாக்’ என்று பெயர். கேத்தே கெரிஸ் தயாரிப்பு. இயக்கியவர் கேரளத்தில் பிறந்த பி. என். ராவ், பேயாக வந்தவர் மரியா மெனாடோ. படச்சுருள் தொலைந்துவிட்டது, இன்று யாரும் பார்க்க முடியாது. ஆனால் அந்தப் படம் ஒரு மனிதருக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனது. அதில் சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி) விற்பவராக வந்து கொட்டகையைச் சிரிக்கவைத்த அப்துல் வாஹிட், அதற்குப் பிறகு வாஹிட் சாத்தே என்றே அறியப்பட்டார். ரத்தம் குடிக்கும் பேயும் சாத்தே விற்கிறவரும் ஒரே படத்தில். பேயையும் சிரிப்பையும் கலக்கும் வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல.

பேய்ப்படத்தில் காமெடி எதற்கு என்று கேட்டால், “ஜனங்க கொஞ்சம் ரிலாக்ஸ் ஆகணும்ல” என்பார்கள். பாதி சரி. மனம்தான் ரிலாக்ஸ் ஆகிறது, உடம்பு ஆவதில்லை. இரண்டுக்கும் நடுவில் விழும் அந்த இடைவெளியை வைத்துத்தான் கலப்படப் பேய்ப்படங்கள் பிழைக்கின்றன.

திடீரென்று ஒரு பெரிய சத்தம் கேட்கிறது. 30 முதல் 50 மில்லிசெகண்டுக்குள் கண்ணிமை மூடத் தொடங்கிவிடுகிறது. திரையில் ஒரு ஃபிரேம் நிற்கும் நேரமே ஏறத்தாழ 42 மில்லிசெகண்ட்தான். ‘என்ன அது?’ என்ற கேள்வி எழுவதற்கு முன்பே மூளைத்தண்டு தன் வேலையை முடித்துவிடுகிறது. கூடவே மூளையில் பயத்தைக் கவனிக்கும் பகுதியான அமிக்டலா அபாயமணி அடிக்க, அட்ரினலின் சுரந்து, இதயம் வேகம் பிடிக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. வந்தது பேயல்ல, பூனை என்று புரிந்துகொள்ள மனத்துக்கு ஒரு விநாடிகூட வேண்டாம். ஆனால் ரத்தத்தில் ஏறிய அட்ரினலின் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும். அதுவரை உடம்பு, அடுப்பை அணைத்த பிறகும் சூடு இறங்காத தோசைக்கல் மாதிரி. அடுத்து அதன்மேல் எதை ஊற்றினாலும் சுர்ரென்று பொரியும்.

இதை முதலில் நன்றாகப் பயன்படுத்திக் காட்டியது 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’. ஒரு பெண் இரவில் ஆளில்லாத சாலையில் நடக்கிறாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது, பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. அவள் நடை வேகமாகிறது. ஏதோ பாயப்போகிறது என்று நாம் இருக்கையைப் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் ‘புஸ்’ஸென்று சீறிக்கொண்டு ஒரு பேருந்து வந்து நிற்கிறது. அவ்வளவுதான். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்தியை இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்கிறார்கள். பேருந்து நின்ற மறுநொடி அரங்கில் ஒரு சிரிப்பு கிளம்புகிறதே, பேய்க்காமெடி என்ற வகையின் விதை அதுதான்.

இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தவர் டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர். 1970களில் அவர் முன்வைத்தது ‘கிளர்ச்சி இடமாற்றம்’ என்ற கருத்து. ஒரு உணர்ச்சி உடம்பில் விட்டுச்சென்ற மிச்சத்தை அடுத்து வரும் உணர்ச்சி எடுத்துக்கொண்டு தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் சாரம். 1975இல் அவரும் ஜோன் கேன்டர், ஜென்னிங்ஸ் பிரையன்ட் ஆகியோரும் நடத்திய சோதனையைக் கேளுங்கள். ஆட்களை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கவைத்து, பிறகு பாலுணர்வைத் தூண்டும் படம் ஒன்றைக் காட்டினார்கள். மிதித்து முடித்த உடனே பார்த்தவர்களிடம் ஒன்றும் நடக்கவில்லை, படபடப்புக்குக் காரணம் சைக்கிள்தான் என்று அவர்களுக்கே தெரியும். முற்றிலும் ஆறிய பிறகு பார்த்தவர்களிடமும் ஒன்றுமில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான் சுவாரஸ்யமானவர்கள். தாங்கள் ஆறிவிட்டதாக நினைத்தார்கள், உடம்போ இன்னும் ஆறவில்லை. படம்தான் தங்களை அதிகம் கிளர்த்தியது என்று சொன்னவர்கள் அவர்கள். இதற்கு முந்தைய ஆண்டு நடந்த சோதனையில் நகைச்சுவைக்கும் இந்த இடமாற்றம் உண்டு என்று தெரிந்திருந்தது.

ஆக, கலப்பின் ரகசியம் எதைக் கலக்கிறோம் என்பதைவிட எப்போது கலக்கிறோம் என்பதில் இருக்கிறது. வரிசையும் முக்கியம். இனிமையான புகைப்படம் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் இமைத்துடிப்பு குறைகிறது, மிரட்டும் புகைப்படம் பார்ப்பவருக்கு அதிகரிக்கிறது என்று உளவியலாளர் பீட்டர் லாங்கின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் டூயட் பாடிவிட்டு நேராகப் பாழடைந்த பங்களாவுக்குள் போகும் நம்மூர்ப் படங்கள், சொந்தக் காசில் வாங்கிய பேயைத் தாங்களே பாதி விலைக்கு விற்கின்றன என்பேன். பாட்டு வேண்டுமென்றால் பேய்க்குப் பிறகு வையுங்கள், ஓஹோவென்று இருக்கும்.

இன்னொரு நுணுக்கம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது. ‘சந்திரமுகி’யில் (2005) அந்த அரண்மனைக்குள் வடிவேலு நடுங்கும் நடுக்கத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். சந்திரமுகியைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2010இல் சொன்னது இதற்குப் பொருந்தும்: ஒன்று வரம்பு மீறியதாகவும் அதே நேரத்தில் ஆபத்தில்லாததாகவும் தெரியும்போது சிரிப்பு வருகிறது. வடிவேலுவின் பயம் நமக்கு ஆபத்தில்லாதது. பேயையே கேலிப்பொருளாக்கினால் மீறல் காணாமல் போய்விடும், அப்புறம் மிரட்டவும் முடியாது, சிரிக்கவைக்கவும் முடியாது. ‘காஞ்சனா’ (2011) இன்னும் ஒரு படி போனது. பயந்தாங்கொள்ளி நாயகனை வைத்து முதலில் சிரிப்பு, பிறகு அலறல், அந்த மிச்சச் சூடு ஆறுவதற்குள் பேயாகிப்போன திருநங்கையின் கதை. சாதாரணமாகச் சொல்லியிருந்தால் கண் கலங்கியிருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் வந்ததால் கொட்டகையே அழுதது.

பயம் எவ்வளவு இருக்க வேண்டும்? சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2011இல் தொடங்கிய ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்ற பேய்வீட்டுக் கேளிக்கைக்குப் போனவர்களுக்குத் தெரியும். “டேய், நீ முன்னாடி போடா” என்று நண்பனைத் தள்ளிவிட்டு, அவன் முதுகுச் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போன கூட்டம், வெளியே வந்ததும் ஒருவரையொருவர் கிண்டல் செய்து விழுந்து விழுந்து சிரிக்கும். டென்மார்க்கில் இதுபோன்ற ஒரு பேய்வீட்டில் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தினர் 110 பேருக்கு இதயத்துடிப்புக் கருவி மாட்டி உள்ளே அனுப்பினார்கள். 2020இல் வெளியான முடிவு: பயம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறுகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கிவிடுகிறது. வரைபடமாகப் போட்டால் கவிழ்த்த கிண்ணம். அந்த உச்சி ஆளுக்கு ஆள் மாறும். புலாவ் தெக்கோங் ராணுவ முகாமில் கட்டாய தேசிய சேவைக் காலத்தில் கேட்ட பேய்க்கதைக்கே இரவெல்லாம் விழித்திருந்தவனும் உண்டு, கதை முடியுமுன் குறட்டை விட்டவனும் உண்டு.

சினிமாவுக்கு இங்கேதான் சிக்கல். 500 பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பேய். கணினி விளையாட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வால்வ் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ‘லெஃப்ட் 4 டெட்’ திகிலையும் துப்பாக்கிச் சண்டையையும் கலந்த விளையாட்டு. நாலு பேர் சேர்ந்து ஸோம்பிக் கூட்டத்தைக் கடந்து போக வேண்டும். அதற்குள் ‘டைரக்டர்’ என்றொரு நிரல் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு அடி வாங்கினீர்கள், எதிரி எவ்வளவு பக்கத்தில் செத்தான் என்பதையெல்லாம் வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு ‘பதற்ற மதிப்பெண்’ போட்டுக்கொண்டே வருகிறது. மதிப்பெண் உச்சியைத் தொட்டால் மூன்று முதல் ஐந்து விநாடி அப்படியே விடும். பிறகு புதுக் கூட்டத்தை அனுப்பாமல் நிறுத்தி, 30 முதல் 45 விநாடிவரை ஓய்வு கொடுக்கும். அந்த ஓய்வில்தான் ஆட்டக்காரர்கள் தோட்டா எண்ணுவதும் ஜோக் அடிப்பதும். சூடு முழுதாக இறங்குவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். சைக்கிள் சோதனையில் நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் நிலையிலேயே நம்மைச் சுற்றிச் சுற்றி வைத்திருக்கும் ஏற்பாடு இது.

விளையாட்டில் இன்னொரு திருகாணியும் உண்டு, தோட்டா. கையில் துப்பாக்கி வந்தவுடன் பயம் சண்டையாக மாறுகிறது. தோட்டா தீரும்போது சண்டை மறுபடி பயமாகிறது. ‘ரெஸிடென்ட் ஈவில் 4’ (2005) நீங்கள் திணறினால் ஓசைப்படாமல் ஆட்டத்தை இலகுவாக்கும், வெளுத்து வாங்கினால் இறுக்கும். எந்தப் பக்கமும் சாய்ந்துவிடாமல் இரண்டு வகையின் எல்லைக்கோட்டிலேயே ஆட்டக்காரரை நடக்கவைப்பதற்கு அந்த மறைமுகச் சரிக்கட்டல்.

இந்த நிரல்களுக்குத் தெரிந்ததெல்லாம் திரைக்குள் இருக்கும் உடம்புதான். கணினி விளையாட்டு ஆடும் லேன் கடையில் பக்கத்து நாற்காலிக்காரன் அலறிய அலறலில் நீங்கள் ஏற்கெனவே சிரித்துத் துவண்டுவிட்டீர்கள் என்பது டைரக்டருக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அடுத்த கூட்டத்தை அனுப்பிவிடும்.