ஐடி பையனிடம் வேலையைக் கொடுங்கள், பொறுப்பைத் தள்ளிவிடாதீர்கள்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து போன். ஷூ அப்பர் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி. முதலாளியே பேசினார்.

“தம்பி, சனிக்கிழமையிலேர்ந்து ஒரு மெயில்கூட வரல. இத்தாலிக்காரர் போன் பண்ணி, கம்பெனியை மூடிட்டீங்களான்னு கேக்குறார்.”

காட்பாடியில் வண்டியை எடுப்பதற்கு முன்பே லேப்டாப்பில் பார்த்துவிட்டேன். டொமைன், அதாவது கம்பெனியின் இணைய முகவரிப் பெயர், காலாவதி. புதுப்பிக்க வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆகும், அவ்வளவுதான். கட்டச் சொல்லி முறையாக நினைவூட்டல் மெயில்களும் வந்திருக்கின்றன. ஆனால் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப் பெங்களூருக்குப் போன பையனின் சொந்த ஜிமெயிலுக்கு. டொமைன் பதிவும் அவன் பெயரில்தான் இருந்தது. ஓடிபி போகும் நம்பர் கம்பெனி கொடுத்த சிம். அவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான், யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கூப்பிட்டதும் எடுத்தான். “அண்ணா, ஷிஃப்ட் முடிஞ்சதும் உக்காந்துடுறேன்” என்றான். அந்த ஜிமெயிலையே அவன் ஒரு வருஷமாகத் திறக்கவில்லை. பாஸ்வேர்டை மீட்டு, டொமைன் கணக்குக்குள் நுழைந்து, கம்பெனி பெயருக்கு மாற்றி முடிக்கும்போது இரவு பதினொன்றரை. மறுநாள் மதியத்துக்கு மேல்தான் மெயில்கள் ஒழுங்காக வர ஆரம்பித்தன. நடுவில் திரும்பிப் போனவை போனவைதான்.

அவன் சேர்ந்த புதிதில், “ஏதாவது ஒரு மெயில் ஐடி போட்டு டொமைனை வாங்கிடுப்பா” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்போது அவனுக்கு 22 வயது.

இந்த வருஷத்தில் நான் பார்க்கும் மூன்றாவது கேஸ் இது. 18 வருஷமாக வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வடாற்காடு முழுக்கக் கம்பெனிகளுக்கும் பள்ளிகளுக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் ஐடி வேலை பார்க்கிறேன். எதற்காகக் கூப்பிட்டாலும் முதலில் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: “அதெல்லாம் எங்க ஐடி பையன் பார்த்துக்குவான்.”

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இன்றைக்கு விலாவாரியாகவே சொல்லிவிடுகிறேன்.

வேலை வேறு, பொறுப்பு வேறு. வேலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பையனிடம் கொடுக்கலாம், ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்த கடைக்காரரிடம் கொடுக்கலாம், சென்னையில் இருக்கும் பெரிய நிறுவனத்திடமும் கொடுக்கலாம். ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை அப்படி இறக்கி வைக்க முடியாது. அது நிர்வாகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம்தான் இருக்கும்.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க நான் சிரமப்படவே கூடாது. ஈடிபி ஆபரேட்டர் என்று ஒருவர் இருக்கிறார். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலை அவருடையது. அளவு தப்பினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நோட்டீஸ் யார் பெயருக்கு வருகிறது? ஆபரேட்டர் பெயருக்கா வருகிறது? அதனால்தான் நீங்கள் மீட்டர் ரீடிங்கைத் தினமும் கேட்கிறீர்கள். பாய்லருக்கு லைசென்ஸ் இருக்கிறதா, எப்போது முடிகிறது என்று தேதியோடு சொல்கிறீர்கள். அதே நீங்கள் “கடைசியாக பேக்கப் எப்போது எடுத்தார்கள்?” என்று கேட்டால் பையன் முகத்தைப் பார்க்கிறீர்கள். பையன் இல்லாத நாளில் கேட்டால் யார் முகத்தைப் பார்ப்பீர்கள்?

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. அதன்படி, வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருந்தாலும், எப்படி ஒப்பந்தம் போட்டிருந்தாலும், அந்தத் தரவுக்குப் பொறுப்பு உங்கள் நிறுவனம்தான். பாதுகாப்பு ஏற்பாடுகளில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆயிரம் தொழிலாளர்களின் ஆதார், வங்கிக் கணக்கு, பிஎஃப் விவரம் எல்லாம் ஒரே எக்செல் கோப்பில், டெஸ்க்டாப்பில், பாஸ்வேர்ட் இல்லாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். “சாஃப்ட்வேர் போட்டவர் பார்த்துக்குவார்” என்ற பதில் அங்கே செல்லாது.

சரி, யார் எதைப் பார்க்க வேண்டும்?

நிர்வாகம் கேபிளைப் பிடுங்கிச் சொருகத் தேவையில்லை. பணம் ஒதுக்குவதும், எந்த ஆபத்தைத் தாங்கிக்கொள்ளலாம், எதைத் தாங்க முடியாது என்று முடிவு செய்வதும் அவர்கள் வேலை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020-லேயே முடிந்தது. இன்னும் விண்டோஸ் 7-ல் பஞ்சிங் மெஷின் சாஃப்ட்வேர் ஓடும் கம்பெனிகள் இங்கே இருக்கின்றன. பையனுக்கு அது ஆபத்து என்று தெரியும், மூன்று முறை சொல்லியும் இருப்பான். புது மெஷின் வாங்க அவனால் கையெழுத்துப் போட முடியுமா? 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. இரண்டு மாதம் இருந்தும் போடாமல் விட்ட இடங்களில்தான் அது புகுந்து விளையாடியது.

அடுத்து, எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். எந்தக் கோப்பை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வது ஐடி வேலை இல்லை. சம்பளப் பட்டியலை யார் திறக்கலாம் என்று ஹெச்ஆர் சொல்ல வேண்டும். விலைப்பட்டியலை யார் பார்க்கலாம் என்று மார்க்கெட்டிங் மேனேஜர் சொல்ல வேண்டும். ஐடி அதைப் போட்டுக் கொடுக்கும், எழுதி வைக்கும். நடப்பது என்ன? “தம்பி, இவருக்கும் ஆக்சஸ் குடுத்துடு” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். சொன்னவர் பெரிய மனிதர், அவனால் மறுக்க முடியாது. ஒரு இடத்தில் அக்கவுண்ட்ஸிலிருந்து விலகிய ஒருவரின் லாகின் எட்டு மாதம் உயிரோடு இருந்தது. கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரில் அவர் பெயரில் என்ட்ரியும் விழுந்துகொண்டிருந்தது, அதே பாஸ்வேர்டை நான்கு பேர் பயன்படுத்தியதால். போட்டது யார் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. “ஐடி டிபார்ட்மென்ட் ஏன் அதை மூடல?” என்று சத்தம் போட்டார்கள். அவர் விலகியதை ஐடிக்குச் சொன்னது யார் என்று நான் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசி நாள் சம்பளக் கணக்கு முடிக்கும் தாளில் ஹெச்ஆர், ஐடி இருவர் கையெழுத்தும் இல்லாமல் பணம் போகக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தால் போதும், இது நடந்தே இருக்காது.

கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்கள் என்றால் ஒரு சட்டத் தேவையும் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு சாஃப்ட்வேரில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். நான்கு பேர் ஒரே லாகினில் நுழைந்தால் அந்தத் தடத்தால் யாருக்கு என்ன பயன்?

ஏஎம்சிகாரர் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் ஹார்ட்வேர் சர்வீஸ் மட்டும்தான் இருக்கும். பேக்கப் என்ற சொல்லே இருக்காது. அவர் செய்வார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பையன் செய்வான் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார், ஏஎம்சியில் வரும் என்று பையன் நினைத்துக்கொண்டிருப்பான்.

பேக்கப் எடுக்கும் இடங்களிலும், சர்வருக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வருஷம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கும். ரான்சம்வேர் வந்தால் சர்வரோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. இந்த பேக்கப் விதியை மாற்றாதீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததைப் பார்த்த ஊர் இது, வெளியே ஒரு பிரதி ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் பேக்கப் எடுப்பவராக இருக்கக் கூடாது.

அப்புறம் சர்வரை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் நிர்வாகத்தின் முடிவுதான். ஈரத்தோல் பிரிவுக்குப் பக்கத்து அறையைத் தராதீர்கள். சுண்ணாம்பு டிரம்மில் போடும் சோடியம் சல்பைடிலிருந்து கிளம்புகிற வாயு, அழுகின முட்டை வாடை அடிக்குமே, அது செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைத்துவிடும். ஒருமுறை ரேமைக் கழற்றிப் பார்த்தபோது போர்டில் பளபளப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் கரி பூசியதுபோல் இருந்தது. வேலூர் வெயிலில் இரவு ஏசியை அணைத்துவிட்டுப் போகும் வாட்ச்மேனுக்கும் யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சைபர் தாக்குதல் நடந்துவிட்டால் யார் யாருக்குப் போன் செய்வது? இதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாக்குகள், அதாவது சிஸ்டத்தில் நடந்ததெல்லாம் பதிவாகும் கோப்புகள், 180 நாளுக்கு இருக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிட வேண்டும். நான் போன இடங்களில் அந்த ஆறு மணி நேரமும் “எம்.டி.க்கு யார் சொல்றது?” என்பதிலேயே கரைந்துவிடுகிறது. பையன் பயத்தில் மெஷினை ஃபார்மேட் செய்துவிடுகிறான், தடயமும் போய்விடுகிறது. திட்டு விழும் என்ற பயம் இல்லாத இடத்தில் அவன் முதல் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பான்.

இப்போது ஒரு தாளை எடுங்கள். டொமைன், மெயில் அட்மின், வெப்சைட் ஹோஸ்டிங், டேலி, ஃபயர்வால், சிசிடிவி, பேக்கப், ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்கும் மொபைல் நம்பர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். இந்த டோக்கன் பாதி கம்பெனிகளில் ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில் கிடக்கிறது, அது உங்கள் கையெழுத்து, உங்களிடம் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்பவர் ஒருவர், பதில் சொல்பவர் ஒருவர், அவர் லீவில் போனால் யார், எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதுங்கள். ‘ஐடி டிபார்ட்மென்ட்’ என்று எழுதாதீர்கள், ஆள் பெயர் எழுதுங்கள். ஒரே பெயர் எல்லா வரியிலும் வந்தால் அந்த ஆளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிரிண்டர் டோனரிலிருந்து எம்.டி. வீட்டு வைஃபை வரைக்கும் அவன்தான் ஓடுகிறான். காட்பாடியில் ரயில் ஏறினால் பெங்களூரில் இதைவிடக் கூடுதல் சம்பளம், குறைந்த ஏச்சு. அவன் போகாமல் இருப்பதற்கு நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்?

தம்பிகளுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கம்பெனி பொருளை உங்கள் சொந்த மெயிலில் வாங்காதீர்கள், அவசரம் என்று யார் சொன்னாலும் சரி. ஆபத்து என்று தெரிவதை வாயால் சொல்லி நிறுத்தாமல் மெயிலில் எழுதி அனுப்புங்கள். விலகும்போது எல்லாக் கணக்கையும் இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை முதலாளி போன வாரம் அந்தத் தாளை நிரப்பிப் போட்டோ எடுத்து அனுப்பினார். டொமைனுக்கு எதிரே அவர் பெயர், இரண்டாவதாக மகள் பெயர். மெயிலுக்கும் டேலிக்கும் தனித்தனி ஆள். பேக்கப்பைத் திறந்து பார்ப்பவர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. “ஆள் பாத்துட்டிருக்கேன் தம்பி” என்றார். அது நிரம்பும்வரை சனிக்கிழமைதோறும் போன் செய்வேன் என்று சொல்லியிருக்கிறேன்.