ஓடிடி: எதற்கு மேலே?

சேலத்தில் ஒரு படம் தியேட்டரை விட்டுப் போனதும், "ஓடிடில எப்ப வருது?" என்ற பேச்சு தொடங்கிவிடும். தியேட்டரில் ஓடாதது ஓடிடிக்கு ஓடும் என்று கேலியும் செய்வார்கள். ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'ஓவர் த டாப்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான் இவை.

எதற்கு மேலே? செட்டாப் பாக்ஸுக்கு மேலே என்று பலர் விளக்குவார்கள். தொழிலில் இதன் பொருள் இன்னும் அகலம். இணைய இணைப்பு ஒரு நிறுவனத்துடையது, அதன்மேல் ஏறி வரும் சேவை வேறொருவருடையது. நடுவில் கேபிள்காரரின் தயவு வேண்டாம். அதனால்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015இல் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கையில் வாட்ஸாப், ஸ்கைப் எல்லாம் ஓடிடி கணக்கில் வந்தன. 2016இல் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்து, அதே ஆண்டு ஜியோவால் டேட்டாவும் மலிந்த பிறகு, நம் பேச்சில் இந்தச் சொல் சினிமாவோடு ஒட்டிக்கொண்டது.

தமிழில்? 'மேலதிக ஊடகச் சேவை' என்று சிலர் எழுதுகிறார்கள். மேலதிகம் என்றால் கூடுதல், அவ்வளவுதான். 'இணைய ஒளிபரப்பு' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் 'பரப்பு' இடிக்கிறது. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது, கோபுரத்திலிருந்து கிளம்பிய ஒரே அலை எல்லார் ஆண்டெனாவிலும் ஒரே நேரத்தில் பட்டது. பரப்பு என்றால் அதுதான். இங்கே ஏற்காடு பஸ்ஸில் ஒருவர் போனைத் தொட்டால், சர்வர் அவருக்கென்று தனியாகச் சில நொடித் துண்டுகளாகப் படத்தை அனுப்புகிறது. கொண்டையூசி வளைவில் சிக்னல் குறைந்தால் அடுத்த துண்டு தரம் குறைந்து வரும். நாயகியின் முகம் மங்கும், வசனம் பெரும்பாலும் நிற்காது.

'வேண்டுகாட்சி' எனக்குப் பிடித்த சொல். ஆனால் அது 'வீடியோ ஆன் டிமாண்ட்' என்பதற்குத்தான் சரி. நேரலைக் கிரிக்கெட்டும் ஓடிடியில் வருகிறதே, அதை நாம் வேண்டிய நேரத்திலா ஆடுகிறார்கள்? இன்னொன்று: செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலைக்கு நடுவே போனைச் சாய்த்து வைத்து சீரியல் பார்க்கிறவருக்கு, அது முடிந்ததும் அடுத்த எபிசோடு தானாக ஓடும். அதன் பின்னால் வரிசைகட்டும் பரிந்துரைகளும் அவர் கேட்டவை அல்ல, முன்பு பார்த்ததை வைத்துத் தளமே கணித்தவை.

ஆகவே தளத்துக்கு 'இணையத்திரை' போதும். கேட்டதும் புரியும், பரப்புவதாகவும் சொல்லாது. சப்ஸ்கிரிப்ஷனுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. கேபிள்காரர் மாதாமாதம் வாசலில் வந்து கேட்ட 'சந்தா' இருக்கிறது.