கைக்குழந்தைக்கு மயக்க மருந்தா என்று பதறுகிறவர்களுக்கு

இந்த மாதம் இன்னொரு குழந்தை. நாலு மாதம், பிறவியிலேயே பாதம் உள்பக்கம் வளைந்தது. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வாராவாரம் தூக்கிவந்து மாவுக்கட்டு மாற்றியதில் கால் நன்றாகவே திரும்பிவிட்டது. மிச்சமிருந்தது குதிகால் தசைநாணைச் சின்னதாக வெட்டிவிடும் வேலை. சில நிமிடம்தான். "மயக்க மருந்து கொடுத்தா மூளை மந்தமாயிடுமாம்" என்று யாரோ சொல்ல, கிளம்பிப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது பாதம் மறுபடி வளைந்திருந்தது. திரும்பவும் கட்டிலிருந்து ஆரம்பம்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? விலங்குக் குட்டிகளுக்கு மணிக்கணக்கில் மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலிருந்து. 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்ததும் உண்மை. ஆனால் அது 3 வயதுக்குட்பட்டவர்களுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், அல்லது திரும்பத் திரும்ப மயக்கம் தருவதைப் பற்றியது. வாட்ஸ்அப்பில் வரும்போது அந்த 3 மணி நேரம் காணாமல் போய்விடுகிறது. குடலிறக்க அறுவை செய்த கைக்குழந்தைகளில் ஒரு பகுதிக்கு மயக்க வாயு, மறு பகுதிக்கு விழிப்பிலேயே மரத்துப்போகும் ஊசி என்று பிரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த மயக்கம். 5 வயதில் சோதித்தபோது அறிவுத்திறனில் வித்தியாசமில்லை. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

அப்புறம், "காலில் மட்டும் ஊசி போட்டால் ஆபத்தே இல்லை" என்பதும் தப்பு. மரத்துப்போகும் மருந்து எடைக்கு மீறினால் வலிப்பு வரும், இதயமும் தடுமாறும். இந்தச் சின்ன வெட்டுக்குப் பல இடங்களில் அந்த ஊசியே போதும். எலும்பில் கம்பி வைக்கும் வேலை என்றால் முகமூடி வழியாக மயக்கம், கூடவே வலிக்கு வால் எலும்புப் பக்கம் ஒரு ஊசி. குறைமாதக் குழந்தை மயக்கத்துக்குப் பின் மூச்சுவிட மறக்கலாம். முடிந்தால் முதுகில் மரத்துப்போகும் ஊசி, எதுவானாலும் ராத்திரி கண்காணிப்பு. எதைக் கொடுப்பது என்பது குழந்தையைப் பார்த்த பிறகு சொல்ல வேண்டியது.

மயக்கம் கொடுப்பதற்கு 4 மணி நேரத்துக்கு முன்பே தாய்ப்பாலை நிறுத்துங்கள். பவுடர் பால், மாட்டுப்பால் 6 மணி நேரம். பால் தண்ணீர் மாதிரிதானே என்று நினைக்காதீர்கள், வயிற்றில் திரிந்து கெட்டியாகும். மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வெறும் தண்ணீர் எதுவரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு சளி, நெஞ்சில் கரகரப்பு இருந்தால் சிரப் கொடுத்து மறைக்க வேண்டாம், சில வாரம் தள்ளிப்போடலாம்.

பாட்டிமார்களே, பஸ்ஸில் குழந்தை வீரிட்டு அழுதது, ஒரு வாய் கொடுத்துவிட்டோம் என்றால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டோம். நேரத்தைத் தள்ளிவைப்போம், அவ்வளவுதான்.